புள்ளியைக் கேட்கிறோம், பிள்ளையைக் கேட்கிறோமா?

(வடமராட்சியிலுள்ள சனசமூக நிலையமொன்றின் ஆண்டுவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றார் ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எம்மை இம்மேடையில் ஏற்றியவர்கள், நாம் வழக்கமாகப் பேசும் விடயத்தையே இன்றும் பேசுவோம் என எண்ணியிருத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது எமது பிள்ளைகளின் உளநலம். அதிலும், பாடசாலைக்குள்ளேயே அதனைக் காப்பது எவ்வாறு, பாதிப்பின் முதற்குறி தோன்றும்போதே கைகொடுப்பது எவ்வாறு என்பது. 'இது டாக்டர்மார் பேசவேண்டிய விடயம். அப்புக்காத்துமாருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்பீர்களாயின், எமது விடை ஒரு குற்ற ஒப்புதலாகவே அமையும். அதனையே முதலிற் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரிகாலத்து மாலையொன்றில், வெங்காயச் செய்கை பண்ணும் ஒருவர் பதினாறு வயதான தம் மகனுடன் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் பாடசாலையிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. மகன் வகுப்பில் உறங்குகிறான். கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறான். ஒருநாள் ஆசிரியரை நோக்கித் தகாத சொல்லும் சொல்லிவிட்டான். ஆகவே விடுகைப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு செல்லவும் என்பது அதன் சாரம். எமக்கோ அக்கடிதம் கரும்பாக இனித்தது. விளக்கம் கோரப்படவில்லை, விசாரணை நடைபெறவில்லை, மறுதரப்பைக் கேட்டல் என்னும் இயற்கை நீதியின் முதற்படியே மிதிக்கப்பட்டிருந்தது! கடிதத்தின்மேற் கடிதம் எழுதினோம். வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று வாதாடினோம். மூன்றாம் வாரத்தில் பையன் மீண்டும் வகுப்பில் அமர்ந்தான். தந்தையார் அரைச் சாக்கு வெங்காயம் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார். நாமும் பெருவழக்கொன்றை வென்றவர்போல் அகமகிழ்ந்தோம்.

அந்த மூன்று வாரத்தில் அப்பையனிடம் நாம் ஒரு கேள்வியேனும் கேட்கவில்லை. மறுதரப்பைக் கேட்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் முழங்கிய நாம், எம் கண்முன்னே வாங்கில் இருந்த தரப்பைக் கேட்கவில்லை. எம் துணைவியார் மட்டும் ஒருநாள், "அந்தப் பிள்ளை தேத்தண்ணியைத் தொடவேயில்லை, சுவரைப் பார்த்தபடியே இருந்தது" என்றார். அதனை நாம் பொருட்படுத்தவில்லை. ஆறு மாதத்துக்குள் அவன் தானாகவே பாடசாலையை விட்டு நின்றுவிட்டான். அருகில் எவரும் இல்லாதபோதும் அவன் காதிற் குரல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன என்பது, இரண்டு ஆண்டுகள் கழித்து அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற பின்னரே வெளியாயிற்று. இன்று அவன் மருந்துடன் நலமாக இருக்கிறான். கடையொன்றிற் கணக்குப் பார்க்கிறான். வீதியிற் கண்டாற் சிரிக்கிறான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளையும், அவனோடு படித்தோரின் நட்பையும், எழுதாமற்போன பரீட்சையையும் எந்த மனுவினால் மீட்டுக்கொடுப்பது?

நிற்க. இஃது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. மனநோய்களுட் பாதி 14 வயதுக்குள்ளும், முக்காற்பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்று கண்டது. அதாவது, அவை தொடங்கும் காலம் பெரும்பாலும் பிள்ளை பாடசாலைச் சீருடை அணிந்திருக்கும் காலமாகும். எம் பையனைப் பிடித்தது போன்ற உளமாய நோயில், சிகிச்சை பிந்தப் பிந்த மீட்சியும் கடினமாகிறது. இதனையுணர்ந்தே அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 1992இல், அந்நோயின் தொடக்கக் கட்டத்திலுள்ள இளைஞருக்கென்றே தனியொரு சிகிச்சைச் சேவையை நிறுவினர். மனச்சோர்வும் பதகளிப்பும் இத்துணை ஆரவாரத்துடன் வருவதில்லை. நேற்றுவரை மட்டையும் பந்துமாகத் திரிந்தவன் மைதானத்துக்கு வருவதில்லை. கொப்பியின் பின்பக்கம் முழுவதும் கிறுக்கலாக இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வருகிறது. எங்கள் ஊரில் 'மனம் நொந்திருக்கிறது' என்று சொல்வோர் மிகச் சிலரே. தலையிடி என்பார்கள், நெஞ்சடைப்பு என்பார்கள், 'ஒரே யோசினை' என்று பெருமூச்சு விடுவார்கள். சொல்லத் தெரியாததை உடல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதனை நாள்தோறும் காணக்கூடியவர் யார்? தகப்பன் தோட்டத்தில், தாய் வேலைக்களத்தில், அல்லது இருவருள் ஒருவர் வெளிநாட்டில். ஆகவே பாடசாலையே காணவேண்டும்.

இளைஞர் படும் துன்பம் அனைத்தையும் 'போதைப்பொருள்' என்னும் ஒரே சொல்லில் அடக்கி, பொலிசாரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு செல்ல விரும்புவோர் இக்கூட்டத்திலும் இருப்பர். போதை பெருங்கேடுதான். ஆயினும் அதனை நாடிப் போகுமுன் அப்பிள்ளை எதிலிருந்து ஓடினான் என்பதைப் பொலிஸ் அறிக்கை சொல்வதில்லை.

எமது மௌனத்துக்குச் சட்டமும் ஒரு காலத்தில் உடந்தையாக இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தன் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவன் இந்நாட்டில் ஒரு குற்றவாளி. வைத்தியசாலைக் கட்டிலில் ஆறுதல் தேடிக் கிடந்தவன் பொலிஸ் விசாரணைக்கு அஞ்சவேண்டியிருந்தது. அப்பிரிவு நீக்கப்பட்டது 1998இலேதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குற்றமென்று சட்டம் கூறிவந்த ஒன்றைக் குடும்பங்கள் மறைக்காமல் வேறென்ன செய்யும்? சட்டம் போய்விட்டது, மறைக்கும் பழக்கம் போகவில்லை. பெண்பிள்ளை என்றால் நாளைக்குச் சம்பந்தம் பேசுவோர் என்ன சொல்வரோ என்னும் அச்சம். ஆண்பிள்ளை என்றால் 'ஆம்பிளைப்பிள்ளை அழுகிறதோ' என்னும் அதட்டல். பிறகு சாத்திரி, பிறகு நூல் கட்டுதல், பிறகு நேர்த்தி. கோயிலுக்குச் செல்வதை நாம் இகழவில்லை, நாமும் செல்பவர்தாம். தெல்லிப்பழையில் துர்க்கையம்மனும் இருக்கிறாள்; அதே ஊர் ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவும் இருக்கிறது. அம்பாளைத் தரிசித்துவிட்டு அங்கும் ஒரு முறை எட்டிப் பார்ப்பதை அவள் தவறாகக் கொள்ளமாட்டாள்.

இனி, பாடசாலைகளில் ஒன்றுமே நடைபெறவில்லையா எனின், நடைபெறுகிறது. கருத்தரங்கு நடைபெறுகிறது! பதாகை கட்டுகிறார்கள், விருந்தினருக்கு மாலை அணிவிக்கிறார்கள், இரண்டு மணித்தியாலம் 'தன்னம்பிக்கை' பற்றி ஒருவர் முழங்குகிறார், படம் பிடித்து அறிக்கை அனுப்புகிறார்கள். மறுநாட் காலையில் அந்தப் பிள்ளை அதே வாங்கில், அதே மனத்தோடு அமர்ந்திருக்கிறது. நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாதுதானே என்று சிலர் கூறுவர். அதுவும் அத்துணை நிச்சயமன்று; அதற்குச் சான்றை எமது மண்ணிலிருந்தே காட்டுவோம்.

போர் ஓயாதிருந்த காலத்தில், வடபகுதிப் பாடசாலைகளில் 1,370 பிள்ளைகளைப் பரிசீலித்து, அவர்களுள் 399 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு ஐந்து வாரத்தில் பதினைந்து அமர்வுகள் கொண்ட உளநல நிகழ்ச்சி நடத்தினர். மறுபாதியினரைக் காத்திருக்க வைத்தனர். நடத்தியவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய முதன்மையான அளவைகளில், மொத்தத்தில் இரு பாதியினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. முரட்டு நடத்தை குறைந்தது. ஆண்பிள்ளைகளுக்கும், போரின் நெருக்கீடு அப்போது குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் மனவடுவிலும் பதகளிப்பிலும் பயன் கிட்டியது. ஆனால் பெண்பிள்ளைகளில், நிகழ்ச்சியிற் பங்குகொண்டோரைவிடக் காத்திருந்தோருக்கே மனவடுவின் அறிகுறிகள் கூடுதலாகத் தணிந்திருந்தன! இத்தகைய முயற்சி சில பிள்ளைகளிடம் இயல்பாக வரும் ஆறுதலைக் குலைக்கவும் கூடும் என்று ஆய்வாளரே எழுதினர். தமக்குப் பாதகமான முடிவையும் மறைக்காது அச்சிட்ட அவர்களின் நேர்மையை நாம் வணங்குகிறோம். அரசியல்வாதிகளாகிய எமக்கு அது அவ்வளவு பழக்கமான குணமன்று.

பிரித்தானியாவிலும் இதுபோன்ற பாடம் ஒன்று உண்டு. 85 பாடசாலைகளில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, வகுப்பாசிரியர்களைக் கொண்டே மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி அளித்துப் பார்த்தனர். வழமையான பாடத்திட்டத்தைவிட அது மேலான பயன் தந்ததென்று காட்ட முடியவில்லை என 2022இல் அறிவித்தனர். நல்ல எண்ணமும் நல்ல பெயரும் இருந்தால் மட்டும் மருந்து வேலை செய்துவிடாது.

அவ்வாறாயின் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? இல்லை. பயன் கண்ட இடங்களும் உள. ஐரோப்பாவிற் பத்து நாடுகளின் 168 பாடசாலைகளில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடையே மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஆபத்திலுள்ள மாணவரை இனங்காண ஆசிரியரைப் பயிற்றுவது ஒரு வழி. வினாத்தாள் கொடுத்துப் பிரித்தெடுத்து வைத்தியரிடம் அனுப்புவது இன்னொரு வழி. மாணவர்களையே நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் தங்களுக்குள் பேசவும், நடித்துக் காட்டவும், தோழன் துவண்டால் என்ன செய்வதென்று ஆராயவும் விடுவது மூன்றாம் வழி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்றாம் வழியிற் சென்ற மாணவரிடையே புதிய தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஏனைய இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2015இல் வெளியான இம்முடிவு எமக்குச் சொல்வது யாது? பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதினும், பிள்ளைகள் தாமே பேசுவது வலியது.

இன்னும் நெருங்கிய சான்று இந்தியாவிலிருந்து வருகிறது. பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில், எழுபதுக்கு மேற்பட்ட அரசினர் உயர்நிலைப் பாடசாலைகளை மூன்று பிரிவாக்கினர். ஒன்றில் ஓர் ஆசிரியரே கற்பித்தலுடன் உளநலப் பணியையும் சேர்த்துச் செய்தார். மற்றொன்றில், வைத்தியரோ பட்டம் பெற்ற உளவியலாளரோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒரு முழுநேர உளவளத்துணையாளர் அமர்த்தப்பட்டார். பிள்ளைகள் தம் குறையை எழுதிப் போடும் ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, கூட்டங்கள், தனியே பேசச் சிறு இடம் என்பனவே அவருடைய கருவிகள். மூன்றாம் பிரிவு வழமைபோல் விடப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, முழுநேரத் துணையாளர் இருந்த பாடசாலைகளிற் பாடசாலையின் சூழலே மாறியது; மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரே இப்பணியையும் சுமந்த பாடசாலைகளுக்கும் ஒன்றும் செய்யாத பாடசாலைகளுக்கும் வேறுபாடு தோன்றவில்லை.

இங்குள்ள ஆசிரியர்கள் மனம் நோகலாகாது. குறை அவர்களுடையதன்று. நாற்பது பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து, தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட்டு, அதற்குமேல் 'ஆலோசனை வழிகாட்டல்' என்ற பலகை தொங்கும் அறையையும் திறந்து வைக்குமாறு ஒருவரைப் பணித்தால், அவ்வறை பூட்டியே கிடக்கும். அல்லது உடைந்த மேசைகள் வைக்கும் களஞ்சியமாகும். போர்க்காலத்தில் எமது ஆசிரியர் பலர் உளவளத்துணைப் பயிற்சி பெற்று ஆற்றிய தொண்டினை நாம் அறிவோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரும் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் இத்துறைக்குத் தமிழிலேயே ஒரு மொழியை உருவாக்கித் தந்தனர். விதை இருக்கிறது, அதற்கென ஒரு பாத்தியை நாம் ஒதுக்கவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. இங்கே நாம் சட்டத்தரணியாகவே பேசுகிறோம். எம்மிடம் கட்சிக்காரர் ஒருவர் சொல்வதை, அவரது சம்மதமின்றி வெளியிட எம்மை 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அந்தக் காப்பு இருப்பதனாற்றான் மனிதன் எம்மிடம் உண்மையைச் சொல்கிறான். பதினைந்து வயதுப் பிள்ளை தன் உள்ளத்தைத் திறப்பதற்கு என்ன காப்பு இருக்கிறது? காலையிற் சொன்னது இடைவேளைக்குள் ஆசிரியர் ஓய்வறைக்குச் சென்று, பாடசாலை விடுமுன் தாயின் காதுக்கும், பொழுதுபடுமுன் ஒழுங்கை முழுவதற்கும் எட்டிவிடுமென்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? உயிருக்கு ஆபத்து, அல்லது பிள்ளைமீது எவரேனும் கொடுமை புரிதல் ஆகிய நிலைகளில் உரியவருக்கு அறிவித்தே ஆகவேண்டும். அதனைப் பிள்ளைக்கு முதல்நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனையவை அந்த அறைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

புள்ளி இடுபவரும் தண்டிப்பவரும் அவ்வறையில் அமர்தல் ஆகாது. ஒழுக்காற்றுக் குழுவுக்குப் பொறுப்பானவரே உளவளத்துணைக்கும் பொறுப்பாயின், அது பொலிஸ் நிலையத்தில் எதிரிக்குச் சட்டத்தரணியாகப் பொறுப்பதிகாரியையே நியமித்தது போலாகும். பிரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலையில் உடற்றண்டனையைத் தடைசெய்து 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியரின் அறையினால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமையை மீறியதாகும் என உயர் நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. 'நாங்களும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்' என்று பெருமைப்படுவோர் உளர். வளர்ந்தோம், உண்மை. வளராமற் போனோரை எண்ணி எவரும் கணக்கு வைக்கவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று தலைவர் அவர்கள் எம்மிடம் முன்னரே கேட்டார்கள். இந்நாடு முன்பொரு முறை உயிர்காத்த வரலாற்றை அவருக்கு நினைவூட்டினோம். 1995இல், இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட நாடு இது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யும் ஒழுங்குவிதிகள் வந்தன. இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கிற்று. காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆய்வாளர் மதிப்பிட்டனர். அதற்கு மாளிகை கட்டவில்லை. வர்த்தமானியில் அச்சிட்ட சில பக்கங்களே பெருவேலையைச் செய்தன. ஆனால் நஞ்சை எட்டாத் தூரத்தில் வைத்தல் ஒரு பாதி. அதனை நாடும் மனத்தருகே செல்லுதல் மறுபாதி. அம்மறுபாதிக்கு ஒரு பாடசாலைக்கு ஒரு சம்பளம், ஓர் அறை, மாதம் ஒருமுறை வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து வந்து வழிகாட்டும் ஒருவர் என்பனவே போதும். நாம் ஆண்டுதோறும் பாடசாலை மதிலுக்கும் நுழைவாயிலுக்கும் திரட்டும் பணத்தை இங்குள்ளோர் அறிவர். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களுக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் வளைவு கேட்காமல் இதனைக் கேளுங்கள்.

பெற்றோருக்கு நீண்ட உபதேசம் செய்யப்போவதில்லை. எமக்கு அதற்குத் தகுதியில்லை என்பதை முதலிலேயே கூறிவிட்டோம். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளிலும், சாதாரணதரப் பெறுபேறு வரும் நாளிலும், '9ஏ' பெற்ற பிள்ளைகளின் படங்கள் சந்திதோறும் தொங்கும். அன்றிரவு, படம் தொங்காத பிள்ளையுடன் கூட இருந்து சாப்பிடுங்கள். புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம். பிள்ளையின் நிலை அச்சமூட்டினால், தனியே விடாது, விடியட்டும் என்றிராது, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. மாணவர்களே, அதனை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈற்றில், தலைவரின் அனுமதியுடன் தீர்மானமொன்றினைச் சபையின்முன் வைக்கிறோம். இப்பகுதிப் பாடசாலை ஒவ்வொன்றிலும் கற்பித்தற் பொறுப்போ ஒழுக்காற்றுப் பொறுப்போ இல்லாத, தமிழிற் பயிற்சிபெற்ற முழுநேர உளவளத்துணையாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவரிடம் கூறப்படுவன இரகசியமாகப் பேணப்படுதற்கு எழுத்துமூல விதி வகுக்கப்பட வேண்டும். ஒன்பதாம், பத்தாம் தர மாணவர் தமக்குள் கலந்துரையாட வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். இவற்றின் பலன் ஆண்டுதோறும் அளந்து வெளியிடப்பட வேண்டும். மாகாணத்துக்குரிய பாடசாலைகளுக்காக மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், தேசிய பாடசாலைகளுக்காகக் கல்வி அமைச்சுக்கும் என இரண்டு மனுக்கள் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன; ஒன்றை மற்றதற்கு அனுப்பினால் அது திரும்பி வர ஆறு மாதம் செல்லும். இரண்டும் வாசல் மேசையில் இருக்கின்றன. பெற்றோர் இரண்டிலும் கையொப்பமிடலாம். மாணவர் கையொப்பத்துக்கென மூன்றாவது தாள் ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் பெயர் எழுத விரும்பாதோர் பக்கத்திலுள்ள பெட்டியில், தாம் விரும்பியதை எழுதி மடித்துப் போடலாம். அதன் திறப்பு, இந்த ஊரில் எந்தப் பாடசாலையிலும் படிப்பிக்காத ஒருவரிடமே இருக்கிறது.